நாய் பேச்சை விட்ட நாள்

நாயும் வாத்தும் நம்மைப் போலவே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காவிரிக் கரைப் பக்கம் காத்தாயி என்று ஒருத்தி வாத்து மேய்த்தாள். அறுப்பு முடிந்த வயலில் பட்டி போடுவாள். சிந்திய நெல்லும் நத்தையும் தீர்ந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்புவாள். வாத்து முந்நூறு, காவலுக்கு நாய் இரண்டு. பெரியவன் கருவாயன் அதிகம் பேசமாட்டான். சின்னவன் செவலை அவனுக்கும் சேர்த்துப் பேசுவான்.

ஒருநாள் கருவாயனைப் பாம்பு தீண்டிவிட்டது. செவலை அப்போது வாத்துகளோடு வாய்க்காலில் இருந்தான். பார்த்தால் பிள்ளை ஒடிந்துபோவான் என்று பயந்து, அவன் திரும்புவதற்குள் காத்தாயி குழி வெட்டி மூடிவிட்டாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அங்கேதான் பிடித்தது வினை.

சாயங்காலம் செவலை வந்தான். "அக்கா, கருவாயன் எங்கே?"

பாம்பு கடித்துச் செத்துப்போய்விட்டான் என்று சொன்னாள். சரி என்றான். வைக்கோல் போரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கருவாயன் எங்கே என்றான்.

கஞ்சி ஊற்றினால் கேட்டான். முட்டை பொறுக்கினால் கேட்டான். பல் விளக்கக்கூட விடவில்லை. காத்தாயியும் மனுஷிதானே, எத்தனை தடவைதான் சொல்வாள்? மண்மேட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். மோந்து பார்த்துவிட்டு, இது வெறும் மண் அக்கா, நீ மிதித்த வாசம்தான் வருகிறது என்றான். கருவாடு சுட்டுப் போட்டாள். பாதியைத் தின்று, மீதியைக் கருவாயனுக்கென்று ஒதுக்கி வைத்தான், அதைக் காக்கா தூக்கிப்போனது. துணைக்கு ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். அதை நிறுத்தி வைத்து, வழியில் கருவாயனைப் பார்த்தாயா என்று குடைந்தெடுத்ததில் குட்டி மிரண்டு ஓடியே போய்விட்டது. வாத்துகள் வேறு, அவனை வாயை மூடச் சொல் என்று முந்நூறு வாயாலும் அவள் உயிரை வாங்கின.

இதற்கிடையில் வயலில் நெல் தீர்ந்தது. உழவு ஆரம்பிக்கிறேன், இன்றே பட்டியைக் கிளப்பு என்று வயல்காரர் வந்து சொல்லிவிட்டார். வாத்துகள் பசியில் கத்தின. போகிற வழியோ கோரைக்காடு, காட்டுப்பூனை குடியிருக்கிற இடம். நாய் இல்லாமல் நுழைந்தால் பாதி வாத்துகூட அந்தப் பக்கம் போய்ச் சேராது. செவலை அசைந்தால்தானே! நாம் போய்விட்டால் அவன் வந்து தேடுவானே என்று மண்மேட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். கெஞ்சினாள், திட்டினாள், கயிறு கட்டி இழுத்தும் பார்த்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் தலையைத் தூக்கி, கருவாயன் எங்கே என்றான்.

காத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது.

"வருவான்டா! நீ ஒரு வார்த்தை பேசாமல் என் கூட நட. நீ பேசாமல் இருந்தால் அவனே தேடிக்கொண்டு வருவான்."

"நிஜமாகவா, அக்கா?" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

எழுந்து வாத்துகளுக்கு முன்னால் நடந்தான். கோரைக்குள் பூனை பதுங்கியபோது குரைத்து விரட்டினான். வார்த்தை மட்டும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது காத்தாயிக்கு. புது ஊரில் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் கஞ்சி ஊற்றும்போது அவள் கை தானாக நின்றது. அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. கருவாயன் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பதில் சொல்லிச் சொல்லியே இத்தனை நாள் அழாமல் இருந்திருக்கிறாள், பாவம். அகப்பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"பொய் சொல்லிட்டேன்டா, செவலை. அவன் வரமாட்டான். எதையாவது பேசுடா."

செவலை அவள் முகத்தை நக்கினான். மடியில் தலையை வைத்தான். வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு பொறுத்தாயிற்று, இப்போது பேசி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வானா?

வாத்துகள் சும்மா இருக்குமா? போகிற ஊரெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே போயின. கேட்ட நாய்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. யாரையாவது பறிகொடுக்காத நாய் எந்த ஊரில் இருக்கிறது?

நாய் பேசாமல் போனது அன்று முதல்தான். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், காதை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக ஓடிப்போய் மோந்து பார்க்கிறதே, அது இந்தத் தடவையாவது அவனா என்றுதான்.