நடு ஆற்றில் திறக்க வேண்டிய குடுக்கை

காட்டாற்றில் நாணல் தெப்பம் இழுப்பது அல்லி என்ற நீர்நாயின் வேலை. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தெப்பத்தில் போகும் சரக்கு ஆற்றோடு போய்விட்டால், காடே சேர்ந்து அதை ஈடு செய்யும். சரக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சொந்தக்காரர் சொல்வதுதான் கணக்கு.

ஒருநாள் காலை குமிழன் என்ற புனுகுப்பூனை ஒரு பெரிய சுரைக்குடுக்கையை உருட்டி வந்தது. அதன் வாய் ஈரமண்ணால் அடைக்கப்பட்டிருந்தது.

“மலைத்தேன்! அக்கரையில் என் மச்சானுக்கு. பத்திரம் அல்லி!”

“நீங்க ஏறலையா அண்ணே?”

“எனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும்!”

தெப்பத்தில் அணில்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தாய்முயல் ஒன்று குட்டிகளை அணைத்திருந்தது. குமிழன் ஒரு குட்டியின் தலையைத் தடவியது. “பயமா கண்ணு? அம்மாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ.” பிறகு அல்லியிடம், “ம், கிளம்பு!” என்றது.

“எறும்புதின்னி அழுங்கு மாமா வரணும். வர்றேன்னு சொன்னவரை விட்டுட்டுப் போற பழக்கம் இங்கே இல்லையே.”

“அந்த அசமந்தத்துக்கா காத்திருக்கே? போ! போயிடு!” குமிழனின் வால் தரையை அடித்தது.

தேனுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று அல்லிக்குப் புரியவில்லை. வெயில் ஏறியது. குடுக்கைக்குள் ஏதோ உறுமியது.

வெயிலில் காய்ந்த மண் உதிர்ந்தது. கதண்டுகள்! யானையையே ஓட வைக்கும் அந்தக் குளவிகள் கரும்புகைபோல எழுந்து வெயிலை மறைத்தன.

“தண்ணிக்குள்ள குதிங்க!” அல்லி தெப்பத்தைக் கவிழ்த்து, முயல்குட்டிகளை அதன் அடியில் ஒதுக்கியது.

இரைச்சல் அடங்கியபோது இரண்டு அணில்கள் கரையில் அசையாமல் கிடந்தன. முகம் வீங்கிய குமிழன் புதரிலிருந்து தவழ்ந்து வந்தது.

“ஐயோ, என் தேன் போச்சே! வழக்கப்படி எனக்கு...”

“அந்தத் தேன்தானே அண்ணே உங்க மூஞ்சி பூரா அப்பியிருக்கு!” என்றது தாய்முயல்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மண் நடு ஆற்றில் உதிர்ந்திருந்தால்? தெப்பம் முழுகியிருக்கும். நடந்ததைச் சொல்ல ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். காடே அழுதுகொண்டு குமிழனின் பொந்தில் தேனைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும்.

அல்லி குமிழனின் முன்னங்காலையே பார்த்துக்கொண்டு நின்றது. குடுக்கையை அடைத்ததும் அதுதான். குட்டியின் தலையைத் தடவியதும் அதுதான். தடவும்போது அது கொஞ்சம்கூட நடுங்கவில்லையே!

காடு குமிழனை மலைக்கு அப்பால் துரத்தியது. அப்போதுதான் அழுங்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“ரொம்பத் தாமதமாயிடுச்சா அல்லி?”

“இல்ல மாமா,” என்றது அல்லி. கவிழ்ந்து கிடந்த தெப்பத்தை அது மெல்ல நிமிர்த்தியது.

எல்லோரும் சேர்ந்து காக்கும் நம்பிக்கையைத் தன் வயிற்றுக்குத் தீனியாக்க நினைப்பவன், அதற்காக எத்தனை உயிர் போகும் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.