செவலைக்கு ஊற்றிய கிராம்பு எண்ணெய்

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு முப்பத்தைந்து வயது. அவளுடைய சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்துக் குளத்து மீன்களுக்குப் பொரி போடுவது அவர் வேலை. செவலை என்ற கெண்டை மட்டும் அவர் கையிலிருந்தே வாங்கித் தின்னும். அந்தப் பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

ஒரு காலையில் செவலை வந்தது, பொரியைத் தொடவில்லை. எவனோ திருட்டுத்தனமாகப் போட்ட தூண்டிலின் முள் அதன் உதட்டில் ஏறியிருந்தது.

அண்டாவில் குளத்து நீரை நிரப்பி மீனை விட்டார்கள். குரு கிராம்பு எண்ணெயைப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி அவரிடம் தந்தாள். கொஞ்சம் ஊற்றினால் போதும், மயங்கிச் சாயும், பதறாது, அப்போது நீங்களே முள்ளை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் குறடு எடுத்துவரப் போனாள்.

கொஞ்சம் ஊற்றினார். மீன் சாய்ந்தது. சுடலைமுத்துவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. புட்டியையே கவிழ்த்துவிட்டார்.

குரு குறடோடு வந்ததும் முள் சுலபமாக வந்தது. செவுள் அசையவில்லை.

குரு அவரைத் திட்டவில்லை. மீனோடு குளத்தில் இறங்கச் சொன்னாள். வாய்க்குள் நல்ல தண்ணீர் போகும்படி, அதை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்கச் சொன்னாள். இடுப்பளவு நீரில் அவர் நடந்தார்.

"ஏன் ஐயா அம்புட்டையும் ஊத்துனீங்க?"

"வலிக்கக் கூடாதுன்னுதாம்மா."

குரு அவர் முகத்தையே பார்த்தாள்.

"நோவ வச்சது என் கைதான்னு அதுக்குத் தெரியக் கூடாதும்மா," என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நடங்க ஐயா, நிக்காதீங்க."

நடந்தார். வெகுநேரம் கழித்துச் செவுள் லேசாகத் திறந்தது. பிறகு வால் அசைந்தது. அடுத்த நொடி அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுச் செவலை அக்கரைக்கு ஓடியது.

அதற்குப் பிறகு அது அவர் கைக்கு வரவேயில்லை. மற்ற மீன்களோடு வரும், எட்ட நின்று தின்னும், போய்விடும். சுடலைமுத்து தினமும் கையில் பொரியை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள் குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனி வராதாம்மா?" என்று கேட்டார்.

குரு அவர் கையிலிருந்து கொஞ்சம் பொரி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வராம இருக்கதுக்கும் உயிர் வேணும்லா, ஐயா."