பத்தாவது சொல்

“கதவைச் சாத்துடா எஸ்ரா. ஓர் ஆம்பளை குறையுது, இன்னைக்குத் தொழுகை கிடையாது” என்றார் கோயில் தலைவர் நாகாவ்கர்.

அது பம்பாயில் ஒரு யூதக் கோயில். தொழுகைக்குப் பத்து ஆம்பளை வேண்டும் என்பது பழைய வழக்கம். பொம்பளைகளையும் சேர்த்துப் பத்துப் பேர் போதும் என்றார் கோயிலின் புது குருவான ரபி. மில் வேலைநிறுத்தத்துக்கும் துணை போனவர். மில் முதலாளிகள் பக்கம் நின்ற தலைவரின் எரிச்சல் அதில்தான், வேதம் வெறும் சாக்கு.

உள்ளே லேயா, செத்துப்போன அப்பாவுக்கு ஜெபம் சொல்ல நின்றாள். பத்துப் பேர் சேராமல் அதைச் சொல்லக்கூடாது. ஆளை எண்ணவும் கூடாது. பத்துச் சொல் வசனம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.

“சொல்லிப் பார்த்தேன் ஐயா, வசனம் முடிஞ்சிருச்சு” என்றான் காவல்கார எஸ்ரா.

“கடைசிச் சொல் யார் மேல?”

“லேயா மேல. ‘என்றென்றைக்கும்’ங்கிற சொல்லு. நீங்களே போய் அவகிட்டேருந்து திருப்பி வாங்கிட்டு வாங்க, சாத்திடறேன்.”

தலைவர் உள்ளே போனார். அப்பாவின் தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தாள் அவள். தலைவர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்ரா கதவைச் சாத்தவே இல்லை.