மழைப் பாட்டில் ஒரு தாவல்

"அந்த இடத்துல நீங்க நாலு பேரும் எப்படி மேடம் ஒண்ணா தாவினீங்க?"

சிற்றரசு இன்னும் வாசலில்தான் நிற்கிறான். ஒரு செருப்புதான் கழன்றிருக்கிறது. அதற்குள் கேள்வி.

"எந்த இடத்துல?" என்றார் ரோவினா.

பரங்கிமலையில் ரோவினா என்றால் சாக்ஸபோன். சின்ன வயசில் கல்கத்தா போய், அங்கே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, 'பரங்கிமலை மழை' என்று ஒரு ஜாஸ் இசைத்தட்டு பதிவு செய்துவிட்டு வந்தவர். அதைப் பற்றிப் பேச ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஒருமுறை ரேடியோக்காரர் வந்தார். தொண்டையைக் கனைத்தார். "தங்கள் இசைப் பயணம் எங்கே தொடங்கியது, அம்மையீர்?"

"சென்ட்ரல்ல. ஹௌரா மெயில்."

இன்னொருமுறை பத்திரிகைக்காரர் வந்தார். "ஜாஸ்னா என்ன மேடம்? சுருக்கமா, ஒரே வரியில!"

ரோவினா அவருடைய பேனாவை வாங்கி டீ கிளாஸில் தாளம் தட்ட ஆரம்பித்தார். டீ ஆறியது. பேனா திரும்பி வரவில்லை.

சிற்றரசு பேட்டி எடுக்க வந்தவன் இல்லை. ராயபுரத்தில் கல்யாண பேண்டு வைத்திருக்கிறான். சாக்ஸபோன் வாசிப்பவன். தோளில் சாக்ஸபோன் பெட்டி. கக்கத்தில் அதே இசைத்தட்டு, பழைய சாமான் கடையில் கிடைத்தது. பின்னால் டிரம்மை மாட்டிக்கொண்டு எபிநேசர். முகம் கடுகடு.

"இவன் ஒழுங்கா சொல்லமாட்டான், நான் சொல்றேன் மேடம்," என்றான் எபிநேசர். "மாப்பிள்ளை ஊர்வலம் போயிட்டிருக்கும். டண்டர டண்டரன்னு நல்லாத்தான் வாசிச்சிட்டிருப்போம். திடீர்னு இவன் பாட்டுல ஒரு துண்டை முழுங்கிட்டு அந்தாண்ட தாவுவான். நாங்களும் தாவணும். தாவிட்டா சொர்க்கம். தவறிச்சுன்னா, மாப்பிள்ளை நின்னுடுறாரு, மாமனாரு 'யாருக்கு என்னாச்சு'ன்னு ஓடியாறாரு, முன்னாடி போற குதிரை மட்டும் நடந்துக்கினே இருக்கு."

"நல்ல குதிரை," என்றார் ரோவினா.

"எப்போ தாவுறதுன்னு ஒரு சைகை வேணாமா? கேட்டா, 'மேடத்தைத்தான் கேக்கணும்'ங்கிறான். கேட்டுடலாம்னு இன்னிக்கு இழுத்தாந்துட்டேன். சைகை தெரியலைன்னா நான் தாம்பரம் பேண்டு செட்டுக்குப் போயிடுவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. எபிநேசர் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள். சிற்றரசு ஒற்றைச் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளையை அழைத்து வருவது?

"புருவமா மேடம்?" என்றான் சிற்றரசு. "தோள்பட்டையா? நான் கால் கட்டைவிரல்னு நினைச்சேன். ஷூ போட்டிருந்தா தெரியாதேன்னு அதை விட்டுட்டேன்."

"எந்த இடம்னு இன்னும் சொல்லலையே."

சிற்றரசு வாயாலேயே வாசித்துக் காட்டினான். "தூரிபாரா, தூரிபாரா, தூரி... பீஈஈ!"

ரோவினா புருவத்தைத் தூக்கினார்.

"புருவம்தான்!" என்றான் எபிநேசர்.

ரோவினா சிற்றரசின் இசைத்தட்டை வாங்கி ரெக்கார்டு பிளேயரில் ஓடவிட்டார். தூரிபாரா, தூரிபாரா, தூரி... பீஈஈ. நாலு வாத்தியமும் ஒரே மூச்சில் தாவின. சிற்றரசுக்கு எப்போதும் போல மயிர்க்கூச்செறிந்தது.

ரோவினா அலமாரியிலிருந்து தன்னுடைய தட்டை எடுத்து ஓடவிட்டார்.

தூரிபாரா, தூரிபாரா, தூரிபாரா, லாலல லாலல... சாவகாசமாக, படிப்படியாக இறங்கி, அப்புறம்தான் பீஈஈ.

யாரும் தாவவில்லை.

ரோவினா சிற்றரசின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அவனுடைய தட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் தட்டியது. தலைமுடி கனத்தில் ஒரு கோடு.

"கீறலா?" என்றான் எபிநேசர், மெல்ல.

"கீறலா!" என்றான், சத்தமாக.

அப்புறம் சிற்றரசின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டான். "'மேதைடா எபி! நாலு பேருக்கும் ஒரே உசுருடா எபி!' ஊசி எகிறியிருக்குடா மடையா! ரெண்டு வருஷமா ஒரு கீறலுக்கா டிரம் அடிச்சேன்?"

சிற்றரசின் காது மடல் சிவந்துகொண்டே போனது.

எபிநேசர் வாசலுக்குப் போனான். செருப்பை மாட்டினான்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க," என்றார் ரோவினா. "கீறலோட."

"அவன் மூஞ்சியைப் பாக்கமாட்டேன், மேடம்."

"பாக்க வேணாம். தெருவைப் பாத்துக்கிட்டே அடிங்க."

சிற்றரசு சாக்ஸபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தான். வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வாசலில் எபிநேசர் முதுகைக் காட்டிக்கொண்டு, கோபத்தோடு, டிரம்மைக் காயப்படுத்துகிற மாதிரி அடித்தான்.

தூரிபாரா. தூரிபாரா. தூரி...

சிற்றரசு தாவினான். தவறத்தான் போகிறது என்று நினைத்தபடியே தாவினான்.

டிரம் அவனுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

ரோவினா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவை. நானும் வரேன்."

தன் வாத்தியத்தை எடுத்தார். மூவரும் தொடங்கினார்கள். அந்த இடம் வந்தது. இருவர் தாவிவிட்டார்கள். ரோவினா மட்டும் பின்தங்கி, அந்தப் பழைய லாலலவைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தினார்.

"ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டீங்க. ஒருத்தர் தெருவைப் பாக்குறீங்க." சிற்றரசின் பக்கத்தில் வந்து நின்றார். "எப்படி ஒண்ணா தாவுறீங்க? யார் சைகை கொடுக்குறது?"

சிற்றரசு வாயைத் திறந்தான். இந்தக் கேள்வியைக் கேட்கத்தானே ராயபுரத்திலிருந்து ரெண்டு ரயில் மாறி வந்தான்? எபிநேசரைத் திரும்பிப் பார்த்தான்.

எபிநேசர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கீறல்தான், மேடம்," என்றான்.