பேர் சொல்லாதது

பண்ணையார் தில்லைநாயகத்தின் பேரனுக்கு அன்று மாலை பேர் வைக்கும் விழா. காலையிலிருந்தே தொட்டிலில் செவ்வெறும்பு மொய்த்துப் பிள்ளை வீறிட்டு அழுதது. வயல் வேலைக்கு வரும் சடைச்சியைக் கூப்பிட்டார்.

“பொழுது சாயறதுக்குள்ள ஒரு எறும்பு இருக்கக் கூடாது. ஆனா நீ வாசப்படி தாண்டி உள்ள வந்துராதே. தவறினா நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது.”

“எறும்பு வெளியிலேருந்துதானே வருதுங்க. நானும் வெளியிலதானே நிக்கிறேன்,” என்றாள் சடைச்சி. “உள்ள போக அதுக்கு மட்டும் யாரும் தடை சொல்லல.”

வசம்பை இடித்துப் பொடியாக்கி, வீட்டைச் சுற்றிச் சுவரோரம் கோடாகப் போட்டாள். தொட்டில் கயிற்றில் தடவச் சொல்லிச் சமையற்காரியிடம் ஒரு பிடி கொடுத்தாள். எறும்பு அடங்கியது.

விளக்கு வைத்த பிறகு பண்ணையார் விருந்தாளிகளோடு வாசலுக்கு வந்தார். “என்ன பொடி அது?”

“விளக்கு வச்சா அதோட பேரச் சொல்ல மாட்டோமுங்க. பேர் சொல்லாததுன்னுதான் சொல்லுவோம்.”

பண்ணையார் சிரித்தார். “சரி, உனக்கு என்ன வேணும், கேளு.”

“எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுங்க, பேர் சொல்லாதது. பேர் வைக்க ஒரு நாள் லீவு கேட்டேன். அறுப்பு முடியட்டும்னீங்க. முடியறதுக்குள்ள வரப்புல கிடந்தே காய்ச்சல்ல போயிருச்சு. உழவு மாட்டுக்கெல்லாம் பேர் வச்சவரு நீங்க. எம்பிள்ளைக்கும் ஒண்ணு சொல்லுங்க. அழும்போது சொல்லி அழ ஒரு பேர் இல்லீங்க.”

பண்ணையார் விருந்தாளிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே தாலாட்டு நின்றுபோயிருந்தது.

சடைச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மீந்த பொடியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.