நாட்டாமையின் கூடையும் ஓணானின் வெயிலும்

“அதே எரு, அதே தண்ணீர். அவனுக்கு மட்டும் நீங்க ஏதோ கூடப் போடுறீங்க.”

இதைச் சொன்னது முயல்.

“அதே எரு, அதே தண்ணீர். அவளுக்கு மட்டும் நீங்க ஏதோ கூடப் போடுறீங்க.”

இதைச் சொன்னது மயில். ஒரு காட்டில், ஓடைக்கரையில், ஒரு ஆடி மாதக் காலையில், இரண்டும் ஒரே ஆள்மேல் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்று சொல்வதை மற்றொன்று காதில் வாங்கியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சண்டை போடுகிறவர்களுக்குக் காது ஏது?

அந்த ஆள் கரடி. ஓடைக்கரைத் தோட்டத்துக்கு அதுதான் நாட்டாமை. மாதம் ஒருமுறை பாத்திக்கு ஒரு கூடை யானைச் சாணம், தினமும் ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர். ஒரு பிடி கூடாது, ஒரு சொட்டு குறையாது. கரடிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எல்லோருக்கும் சமம்.

“கூடையை வேணும்னா அளந்து பாருங்க,” என்றது கரடி. “என் கை ஒருநாளும் ஏறி இறங்கினதில்ல.”

அது பொய்யில்லை. ஆனால் நாவல் மரத்தடியில் முயல் நட்ட தக்காளிச் செடிகள் முயலைப் போல மூன்று மடங்கு உயரத்துக்குத் தழைத்து, இலையாகத் தள்ளிக்கொண்டு நின்றன. பூ? ஒன்றுகூட இல்லை. திறந்த வெளியில் மயில் நட்ட புதினாவோ ஓரமெல்லாம் கருகித் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

தோட்டத்துக்குச் சட்டம் இரண்டு. புரட்டாசிப் பௌர்ணமிக்குள் விளையாத பாத்தி, வரிசையில் காத்திருப்பவருக்குப் போய்விடும். பாத்தியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது.

வரிசையில் முதலில் நின்றது காட்டுப்பூனை.

பூனைக்குத் தோட்டம் எதற்கு என்று கேட்கிறீர்களா? முயலின் பாத்தியை ஒட்டித்தான் முயலின் புதர். புதருக்குள் நான்கு குட்டிகள். பாத்தி கைக்கு வந்துவிட்டால் பூனை அங்கேயே குடியேறலாம். சட்டப்படி.

ஆனால் பூனைக்கு மரியாதை அதிகம். வாயைத் திறந்தால் அக்கா, அண்ணன்தான்.

“முயலக்கா, உங்க செடி பாவம், பசியில இருக்கு,” என்றது. “இன்னும் ரெண்டு கூடை போடுங்க. நீங்க சிரமப்படாதீங்க, நானே தூக்கிட்டு வரேன்.”

தூக்கியும் வந்தது. கேட்காத உதவி வாசல் தேடி வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? முயல் யோசிக்கவில்லை. இரண்டு கூடையையும் கொட்டியது. இலை இன்னும் பெருத்தது.

இதையெல்லாம் ஒரு ஓணான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்டில் ஓணானை யாரும் மதிப்பதில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டும் என்று கேலி வேறு. உண்மையில் அது யாருக்கும் ஆட்டுவதில்லை. வெயில் பட்டால் ஆடுகிற தலை அது. வெயில் எங்கே நகர்கிறதோ அங்கே நகர்வதுதான் அதற்குக் காலை முதல் மாலை வரை வேலை.

“முயலக்கா, உன் செடிக்குப் பசி இல்ல,” என்றது ஓணான். “அஜீரணம்.”

“நீ என்ன கண்டே? பிறந்ததிலிருந்து ஒரு செடி நட்டிருப்பியா?”

“நட்டதில்ல. ஆனா தினமும் முதல்ல உன் பாத்திக்குத்தான் வரேன். வயிறு சூடாகிறதுக்குள்ள நாவல் மர நிழல் விழுந்துடுது. எழுந்து மயிலண்ணன் பாத்திக்குப் போனா, பொழுது சாயற வரைக்கும் நகர வேண்டியதில்ல. தக்காளிக்கு அந்த வெயில் வேணும். நிழல்ல உட்காரவச்சு சாணத்தைக் கொட்டிக்கிட்டே இருந்தா அது இலைதான் போடும். காய் எதுக்குப் போடப்போகுது?”

முயலின் காதுகள் மெல்ல நிமிர்ந்தன. “அப்ப அந்தப் புதினா?”

“அதுக்கு இலைதானே பிழைப்பு. காலையில கொஞ்சம் வெயில், அப்புறம் நிழல், நல்ல சாணம், ஈரம். உன் பாத்தி அதுக்கு மாமியார் வீட்டு விருந்து.”

“பாத்தியை மாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கே.”

“பாத்தியைத்தானே? செடியை மாத்தக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

முயல் அங்கே நிற்கவில்லை. ஒரே ஓட்டமாக மயிலிடம் போனது. ஓணான் பின்னாலேயே வேலியில் ஏறி வந்தது.

மயில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டது. “காட்டிலேயே நல்ல வெயில் என்னுது. அந்த இருட்டுக்கு என் புதினாவை அனுப்பணுமா? வேற வேலை இருந்தா பாருங்க.”

“நானும் அதைத்தான் சொல்றேன்,” என்றது ஓணான். “இவ்வளவு நல்ல வெயில்ல, உங்க நீலத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு? கருகின தழை. அங்க இருபது தக்காளி சிவப்பா தொங்கினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.”

மயில் தன் தோகையை ஒருமுறை பார்த்தது. பாத்தியை ஒருமுறை பார்த்தது.

“இருபது போதுமா?” என்று கேட்டது.

அன்றைக்கே வேலை தொடங்கியது. முயல் தக்காளியின் பக்கக் கிளைகளைப் பல்லால் நறுக்கிக் கொடுத்தது. மயில் காலால் மண்ணைக் கிளறி, பழைய சாணத்தை ஒதுக்கி, கிளைகளைப் பாதி வரை புதைத்தது. கருகாமல் மிச்சமிருந்த புதினாத் தண்டுகள் நாவல் மரத்தடிக்குப் போயின.

மூன்றாம் நாள் தக்காளிக் கிளைகள் தலை தொங்கிவிட்டன.

“என் வெயிலைக் கொடுத்தேன், எனக்குக் கிடைச்சது வாடின குச்சி,” என்று மயில் அகவியது.

“வேர் விடுது, கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க,” என்றது ஓணான்.

ஒன்பதாம் நாள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன.

அடுத்த மாதம் கரடி கூடையோடு வந்தது. கூடவே காட்டுப்பூனை.

“நாட்டாமை, மயிலண்ணன் பாத்திக்கு மறந்துடாதீங்க,” என்றது பூனை, பணிவாக. “உங்க கை ஏறி இறங்காதுன்னு காடே சொல்லுது.”

கரடி கூடையைத் தூக்கியது. ஓணான் ஓடிவந்து பாத்தியின் நடுவில் நின்றது.

“நாட்டாமை, கொட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்களுக்கு எது பிடிக்கும்?”

“தேன். இது தெரியாதா?”

“அந்தத் தேனை ஆளுக்கு ஒரு அடைன்னு சமமா பிரிச்சு, முயலுக்கும் மயிலுக்கும் ஊட்டி விடுவீங்களா?”

“முயல் எங்கேயாவது தேன் தின்னுமா?”

“தின்னாது. அப்ப தக்காளி என்ன தின்னும்னு யார்கிட்ட கேட்டீங்க?”

கூடை அந்தரத்திலேயே நின்றது. கரடி மெதுவாக யோசிக்கிற பிராணி. யோசித்து முடிக்க ஒரு மேகம் கடந்துபோக வேண்டியிருந்தது.

“சரி,” என்றது கடைசியில். “என்னதான் வேணும் அதுக்கு?”

“பூ வைக்கிற நேரம். கோடையில எரிஞ்சுபோன மூங்கில் புதர் இருக்கே, அந்தச் சாம்பல்ல ரெண்டு பிடி. மேல்மண் காய்ஞ்ச பிறகு தண்ணி. அவ்வளவுதான்.”

“முயல் பாத்திக்கு?”

“அங்க உங்க கூடையைத் தாராளமா கொட்டுங்க. பூனையார் தூக்கிட்டு வர்றது மட்டும் வேண்டாம்.”

பூனை மீசையை நக்கிக்கொண்டது.

புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. காலையிலேயே காடு முழுவதும் ஓடைக்கரையில் கூடிவிட்டது. பூனை உடம்பெல்லாம் நக்கிச் சுத்தப்படுத்திக்கொண்டு, புதுவீடு பார்க்க வருகிறவர் போல வந்து நின்றது. முயல் குட்டிகளைப் புதருக்குள் தள்ளிவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்தது.

கரடி முதலில் நாவல் மரத்தடிக்குப் போனது. மண்ணே தெரியவில்லை. பாத்தி நிறையப் புதினா, கரை தாண்டி வழிந்து நின்றது. கரடி கால் வைத்த இடத்தில் கிளம்பிய வாசனை ஓடையின் அக்கரை வரை போனது.

“நாட்டாமை, ஒரு சின்ன விஷயம்,” என்றது பூனை. “முயலக்கா நட்டது தக்காளி. இது புதினா. சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?”

கரடி குனிந்து ஒரு கிள்ளு புதினா பறித்தது. மென்றது. நிதானமாக விழுங்கியது.

“பாத்தி விளைஞ்சுதான்னு கேட்குது சட்டம்,” என்றது. “என்ன விளைஞ்சுதுன்னு கேட்கல. முயலுக்குப் பாத்தி உண்டு.”

பிறகு மயிலின் பாத்தி. ஒரு குட்டி முயல் புதரிலிருந்து நழுவி வந்து பழங்களை எண்ணத் தொடங்கியது. அதற்கு எண்ணத் தெரிந்தது இருபது வரை. இருபதைத் தாண்டியதும் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாவது இருபதும் முடிந்துவிட்டது. மயில் எல்லாவற்றுக்கும் நடுவில் தோகையை விரித்து, வெயில் பக்கமாக மெல்லத் திரும்பி நின்றது. அது அழகுதான், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“மயிலுக்கும் பாத்தி உண்டு,” என்றது கரடி. கையிலிருந்த பழைய கூடையைக் கீழே வைத்தது. “இனிமே கூடையைத் தூக்கறதுக்கு முன்னாடி இந்த ஓணானைக் கேட்டுத்தான் தூக்குவேன். எல்லாருக்கும் இது சமம்.”

காடு ஆரவாரம் செய்தது. முயல் ஒரு பிடி புதினாவை மயிலுக்கு நீட்டியது. மயில் இருப்பதிலேயே சிவந்த பழத்தை முயலிடம் உருட்டிவிட்டது. குட்டிகள் நான்கும் வெயிலில் வந்து புரண்டன.

காட்டுப்பூனை தொண்டையைச் செருமிக்கொண்டது.

“எனக்கும் ஏதாவது ஒரு ஓரத்துல சின்னதா ஒரு பாத்தி ஒதுக்குங்களேன்?”

ஓணான் மட்டும் தலையாட்டியது. அது வெயிலுக்கு.

நீதி: அளந்து கொடுப்பதற்கு முன் அறிந்து கொடு, வெயிலும் எருவும் செடிக்குச் செடி வேறு.