கொம்பையா வாய்க்கு அடங்காத மீன்

பொத்தைக்காட்டில் மூளை இல்லாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கொடுத்ததைக் கொடுத்தபடியே, ஒரு கீறல் விழாமல், எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதிலும் சுயம்பு, கொம்பையா, தளவாய் என்ற அண்ணன் தம்பி மூவரும் ரொம்பவே சிக்கனக்காரர்கள்.

மூத்தவன் சுயம்புவுக்கு ஒரே ஓர் ஆசைதான். தூரத்து முறையில் அத்தை மகளான உலகம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கும் அவன் மேல் பிரியம் இருந்தது. எதைப் பார்த்து என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா ஆறுமுகநயினார். தூத்துக்குடியில் கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு விற்கிற கடை அவருடையது.

“உன்னப் பத்தி ஒண்ணும் இல்லப்பா,” என்றார் நயினார். “ஒரே வீட்டுல மூணு ஆம்பளைங்க. எந்நேரமும் நீ பெருசா நான் பெருசான்னு சத்தம். அதுக்கு நடுவுல எம்மவள எப்படி அனுப்ப?”

சுயம்பு அழாத குறையாக நின்றான். நயினார் மனம் இரங்கி, உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டியையும், அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஓர் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனையும் கொடுத்தார்.

“இவனோட ஒத்துப்போற மாதிரி இன்னும் ரெண்டச் சேத்து வளரு. ஆவணி பொறந்ததும் வாரேன். மூணும் சண்டையில்லாம இருந்தா அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கிடுவோம். சண்டை போட்டுச்சுன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுரணும். ஒண்ண ஒண்ணு முழுங்கிராம, வாய்க்கு அடங்காத மீனாப் பாத்து எடு. திட்டினாக்கூடத் திரும்பிப் பாக்காத சாதுவா இருக்கணும். தண்ணியில உப்பு கூடக்குறைய ஆகாமப் பாத்துக்க.”

உப்புப் பார்க்கும் பொறுப்பு இளையவன் தளவாயிடம் வந்தது. தினமும் காலையில் ஒரு கரண்டி தொட்டித் தண்ணீரை மொண்டு, உறிஞ்சி, கண்ணை மூடி யோசிப்பான். ஒருநாள், “உப்பு சரியா இருக்கு அண்ணே, புளிதான் காணாது,” என்று அடுக்களைக்குப் போனவனைச் சுயம்பு பாதி வழியில் பிடித்து நிறுத்தினான். இல்லையென்றால் கதை அன்றைக்கே குழம்பாகி முடிந்திருக்கும்.

மீன் எடுக்கப் போகுமுன் மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“வாய்க்கு அடங்காததுன்னா யாரு வாய்க்கு அண்ணே?” என்றான் தளவாய்.

“மாமா பேரு சொல்லல. பேரு சொல்லாம விட்டா நம்ம வீட்டு வாயின்னுதான் அர்த்தம்,” என்றான் சுயம்பு.

“நம்ம வீட்டுல மூணு வாய் இருக்கே.”

“அதுல பெருசு எதுவோ, அதுக்கு அடங்கலன்னா மத்த ரெண்டுக்கும் அடங்காது.”

இந்த நுணுக்கத்தைக் கேட்டுத் தம்பிகள் அசந்துபோனார்கள். ஆளுக்கொரு கொய்யாப்பழத்தை முழுசாகப் போட்டுப் பார்த்ததில் கொம்பையா வென்றான். பழத்தை வெளியே எடுக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

அவர்கள் போன அன்று நயினார் வெளியூர் போயிருந்தார். கல்லாவில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். கொம்பையா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தொட்டி தொட்டியாகச் சின்ன வலையை விட்டு மீனை எடுத்து, வாயை ஆவென்று திறந்து நேராகப் பிடித்துப் பார்த்தான்.

“அத்தான், உங்க தம்பி என்ன செய்யுதாரு?”

“அளவு பாக்கான்.”

“மீனுக்கா?”

“வாய்க்கு.”

அடங்கும்போல் தெரிந்த மீன்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசியில் ஒரு பேத்தை மீன் வந்தது. வலையில் ஏறும்போது எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. கொம்பையாவின் தொண்டையைக் கிட்டத்தில் கண்டதும் மிரண்டுபோய், புஸ்ஸென்று தேங்காய் அளவுக்கு ஊதிக்கொண்டது.

“அண்ணே, இது அடங்கவே அடங்காது,” என்றான் கொம்பையா மரியாதையோடு.

“பேத்தை வேண்டாம் அத்தான். அது கூட இருக்குற மீன் வாலக் கடிச்சு வச்சிரும்,” என்றாள் உலகம்மாள்.

“நீ சொல்லுதது நியாயந்தான் உலகு. ஆனா மாமா பேச்ச மீறி எடுத்துட்டு, நாளைக்கு உன் முகத்துல எப்படி முழிப்பேன்?”

உலகம்மாளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அப்பா பேச்சை அவளே இவ்வளவு மதித்ததில்லை. பேத்தையைப் பையில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தாள்.

அடுத்தது சாது. சுயம்பு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மீன்களைத் திட்ட ஆரம்பித்தான். கட்டிக்கப்போகிறவள் எதிரில் கெட்ட வார்த்தை வரவில்லை. “ஏல சட்டி மூஞ்சி”, “போல புளிமூட்டை” என்று கண்ணாடியைத் தட்டித் தட்டித் திட்டினான். எல்லா மீனும் திரும்பிப் பார்த்தது. மூலையில் கிடந்த ஒன்று மட்டும் அசையவே இல்லை.

“இவனக் குடு,” என்றான் சுயம்பு.

“அத்தான், அது கல்லு.”

“இருக்கட்டும். எவ்வளவு பொறுமை பாரு.”

இதுவாவது யாரையும் கடிக்காது என்று உலகம்மாள் அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே பேத்தை கோமாளியின் வாலைக் கடித்தது. கோமாளி பேத்தையை மூலைக்கு மூலை துரத்தி முட்டியது. கல் மட்டும் வம்புக்குப் போகவில்லை. அது சரியாகச் சாப்பிடவில்லையே என்றுதான் கொம்பையாவுக்குக் கவலை.

சுயம்பு பதறிப்போய் உலகம்மாளுக்குப் போன் போட்டான்.

“பழசு, இது என் இடம்னு சொந்தம் கொண்டாடுது அத்தான். உள்ள இருக்குறத எல்லாம் இடம் மாத்தி வைங்க. அந்த நெனப்பு போயிரும்.”

மூவரும் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார்கள். மூன்று மீன்களைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியானால் அவள் வீட்டைத்தான் சொல்லியிருக்கிறாள். கட்டில் அடுக்களைக்குப் போனது. அடுப்பு வாசலுக்கு வந்தது. பீரோ குளியலறைக்குள் நுழைந்தது, திரும்பி வர மறுத்துவிட்டது.

அந்த வீட்டில் பிறகு யாருக்கும் தன் இடம் எதுவென்று தெரியவில்லை. தளவாய் படுக்கிற இடத்தில் கொம்பையா படுத்தான். கொம்பையா சாப்பிடுகிற இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். தொட்டிக்குள்ளும் அதேதான் நடந்தது.

ஆவணி பிறந்தது. நயினார் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. சுயம்பு தொட்டி முன்னால் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான்.

“ஒரு மீனு வாலுக்காக உலகு எனக்கு இல்லாமப் போயிருவாளேல.”

அண்ணன் அழுவதைத் தம்பிகளால் தாங்க முடியவில்லை. தளவாய் நெடுநேரம் யோசித்தான்.

“அண்ணே, நாம கண்ணாடி வழியா அதுகளப் பாக்கோம். அதுகளும் நம்மளத்தான பாக்கும். நாம போடுத சண்டையப் பாத்துத்தான் கத்துக்கிடுதோ என்னமோ.”

மூவரும் எழுந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். அதைப் பார்த்த கோமாளியும் பேத்தையும் குலைநடுங்கி, கல்லுக்குப் பின்னால் ஓடி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து நயினார் வாசலில் இருந்த அடுப்பைத் தாண்டி உள்ளே வந்தார்.

“மூணாவது மீனு எங்கப்பா?”

“அந்தா, முன்னால கெடக்கான் மாமா. வந்த நாள்லயிருந்து ஒருத்தர ஒரு சொல்லு சொன்னதில்ல.”

நயினார் தன் கடைக் கல்லைப் பார்த்தார். பின்னால் ஒண்டியிருந்த இரண்டையும் பார்த்தார். பேத்தையும் கோமாளியும் இப்படி ஒட்டி நின்று அவர் கண்டதே இல்லை. பிறகு, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மூவரையும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கு மீனு முக்கியமில்லப்பா. எம்மவ வாழ வார வீட்டுல ஒத்துமை இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். இருக்கு. கல்யாணம் முடியுத வரைக்கும் இப்படியே இருங்க,” என்று வெற்றிலை பாக்கை நீட்டினார்.

மாமா பேச்சை மீறுகிறவனா சுயம்பு? கல்யாண மண்டப வாசலில் மூவரும் கட்டிப்பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து நுழைந்தார்கள். ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு தோளில் தம்பிகள் தொங்க, சுயம்பு தாலி கட்டினான். உலகம்மாள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

போட்டோ எடுக்க வந்தவர்தான் பிடிவாதக்காரர். “மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் நில்லுங்க. மத்த ரெண்டு பேரும் விலகுங்க,” என்றார்.

“விலக முடியாதுங்க. மாமா சொல்லியிருக்காக,” என்றான் சுயம்பு.

“அப்ப ஜோடிப் படம் வேண்டாமா?”

உலகம்மாளின் முகம் வாடியது. சுயம்பு அதைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம்பிகளிடம் சொன்னான். “ஏல, நீங்க ரெண்டு பேரும் கண்ண இறுக மூடிக்கிடுங்க.”

அவர்கள் மூடிக்கொண்டார்கள். போட்டோக்காரரும் அலுத்துப்போய் எடுத்து முடித்தார்.

அந்தப் படம் சட்டம் போட்டு அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள், “கண்ண மூடிட்டு நிக்குத இந்த ரெண்டு பேரு யாரு?” என்று கேட்பார்கள். உலகம்மாள் கிட்டே போய் மேலும் கீழுமாக உற்றுப் பார்ப்பாள்.

“எந்த ரெண்டு பேரு?” என்பாள். “நானும் அத்தானும் தனியா எடுத்துக்கிட்ட படம் இது ஒண்ணுதான்.”